இரும்புக்கை மாயாவிக்கு ஒரு கொரியப் பேரன்!

ஆகஸ்ட் மாதம் ஈரோட்டுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மக்கள் சிந்தனைப் பேரவை 2005-லிருந்து நடத்திவரும் புத்தகத் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். ஒரு கையில் டெல்லி அப்பளம், இன்னொரு கையில் புத்தகப் பை. அந்தக் கூட்டத்துக்குள் இன்னொரு கூட்டமும் உண்டு. சேலம், கோவை, திருப்பூர், சென்னை, பெங்களூரு என்று பல ஊர்களிலிருந்து வருகிற காமிக்ஸ் வாசகர்கள் அவர்கள். பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கும். சிலர் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன் - முத்து காமிக்ஸின் ஆசிரியர் எஸ்.விஜயனைச் சந்திக்கத்தான் இவ்வளவு பேரும் திரள்கிறார்கள்.

அங்கே நடக்கிற பேச்சைக் கேட்டால் ஏதோ பாகப் பிரிவினைப் பஞ்சாயத்து என்று தோன்றும். 'பழைய கதைகளை மறுபதிப்பு போடுங்க' என்று ஒரு அணி. 'போதும், புதுசா ஏதாவது போடுங்க' என்று எதிரணி. மொழிபெயர்ப்பில் பேச்சுத்தமிழ் ஜாஸ்தி என்று ஒருவர் குறைப்பட்டால், அதுதான் ருசி என்பார் பக்கத்தில் இருப்பவர். கறுப்பு வெள்ளையா கலரா என்ற வழக்குக்கு இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. பிறகு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வரும் கேள்வி ஒன்றுதான். இல்லாத ஓர் ஆளுக்காக, பேப்பரில் வரைந்த ஓர் உருவத்துக்காக, பிள்ளை குட்டி உள்ள மனிதர்கள் ஏன் இவ்வளவு உருக வேண்டும்?

இதே கேள்வியை இப்போது வேறு திசையிலிருந்தும் கேட்கிறார்கள். 'என் பொண்ணு போனைக் கீழயே வைக்கறதில்லைங்க. ஏதோ கொரியாக்காரன் பொம்மைக் கதையாம். அதைப் படிச்சுட்டு அழுகறா' என்று கவலைப்படும் பெற்றோர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். இந்த வாரம் இந்த இரண்டு ரசிகர்களைப் பற்றியும் பேசலாம்.

சிவகாசியில் மறுபிறவி எடுத்த மாயாவி

1962-ல் இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. அதில் வந்த ஒரு தொடரின் நாயகன் லூயிஸ் கிராண்டேல். ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. ஒரு கையை ஏற்கெனவே இழந்தவர், அந்த இடத்தில் இரும்புக்கை. ஆய்வகத்தில் நடக்கும் விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய, ஆள் மறைந்துவிடுகிறார். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. கென் புல்மர் எழுதிய இந்தக் கதைக்கு ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ படம் வரைந்தார்.

இதில் பலரும் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. முதல் கதையில் அவர் நல்லவர் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சக்தி கிடைத்ததும் திருடத்தான் கிளம்புகிறார். திருந்தி, நிழற்படையின் உளவாளியாவது பிறகுதான்.

1972-ல் சிவகாசியில் மு.சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' தொடங்கியபோது முதல் இதழாக வந்தது இந்தக் கதைதான். தமிழில் அவர் பெயர் 'இரும்புக்கை மாயாவி'. பிறந்த ஊரில் அவரைப் பழைய பத்திரிகை சேகரிப்பவர்கள்தான் இன்று அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள். இங்கேயோ சலூன் பெஞ்சிலும், வாடகை நூலகத்திலும், பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கிய கயிற்றிலும் அவர் வாழ்ந்தார். கோவைக்குப் பக்கத்தில் உள்ள கிணத்துக்கடவிலிருந்து சினிமாவுக்குப் போன இயக்குநர் லோகேஷ் கனகராஜ், 'இரும்புக்கை மாயாவி' என்ற படம் தன் கனவுத் திட்டம் என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு பாத்திரம் ஒரு தலைமுறையின் மண்டைக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

1984-ல் 'லயன் காமிக்ஸ்' வந்தது. சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் அதை ஆரம்பித்தபோது அவருக்கு வயது 17. மாடஸ்டி பிளைசி கதையோடு தொடங்கிய லயனுக்குப் பெரிய கூட்டத்தைச் சேர்த்துக்கொடுத்தது ஸ்பைடர். அவரும் ஆரம்பத்தில் வில்லன்தான், குற்றச் சக்கரவர்த்தி! அந்தக் கதைகள் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இது தெரியாமலேயே நம் ஊர்ப் பையன்கள் ஸ்பைடருக்குக் கோயில் கட்டாத குறையாகக் கொண்டாடினார்கள்.

அதே 1984-ல் 'ராணி காமிக்ஸ்' வந்தது, ஜேம்ஸ்பாண்ட் வந்தார். பிறகு கேபிள் டிவி வந்தது, காமிக்ஸ் மெலிந்தது. 2005-ல் ராணி காமிக்ஸ் நின்றுபோனது. லயனும் முத்துவும் எப்போது வரும் என்று தெரியாத நிலை. 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு 'கம்பேக் ஸ்பெஷல்' வந்தபோதுதான் பழைய வாசகர்கள் மூச்சுவிட்டார்கள்.

அந்த இரண்டாவது இன்னிங்ஸ் எப்படி நிற்கிறது என்பதில்தான் நம் கேள்விக்கான பாதி விடை இருக்கிறது. இப்போது பெட்டிக்கடையில் காமிக்ஸ் தொங்குவதில்லை. வாசகர்கள் வருடச் சந்தாவை முன்கூட்டியே கட்டுகிறார்கள். பெரிய தொகுப்பு என்றால் முன்பதிவு செய்கிறார்கள். 'இரத்தப் படலம்' முழுவதையும் வண்ணத்தில் பார்க்கவேண்டும் என்று விடாமல் கேட்டு, பணத்தையும் கட்டிக் காத்திருந்து, 2018-ல் அதைக் கையில் வாங்கினார்கள். விசில் அடிப்பதோடு இவர்கள் நிற்கவில்லை. நாயகனின் சம்பளத்தையும் இவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

பதினாறு வயதின் நாயகன்

இப்போது அந்தக் கொரியாக்காரர் விஷயத்துக்கு வருவோம்.

செல்போன் திரையில் மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் படிக்கும்படி வரைகிற கதைக்கு 'வெப்டூன்' என்று பெயர். தென்கொரியாவில் பிறந்த வடிவம். பக்கத்தைப் புரட்டுகிற வேலை இல்லை. கட்டைவிரல் போதும். வாரம் ஒரு அத்தியாயம், முழு வண்ணம். அதில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு மாயாஜாலக் கதை 'சோலோ லெவலிங்'. சுகாங் எழுதிய நாவலை, டுபு என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் ஜாங் சுங்-ராக் வரைந்தார். 2018-ல் தொடங்கி 2021 இறுதியில் முடிந்தது. அனிமே ஆக எடுங்கள் என்று ரசிகர்கள் போட்ட மனுவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். 2024 ஜனவரியில் அனிமே வந்தது. தமிழ் டப்பிங்கிலும் கிடைக்கிறது.

கதை இதுதான். பூமியில் திடீர் திடீரென்று வாசல்கள் திறக்கின்றன. உள்ளே பூதங்கள். அவற்றை அடிக்கச் சக்தி பெற்ற மனிதர்கள், வேட்டைக்காரர்கள். அவர்களுக்குத் தரவரிசை உண்டு. கடைசித் தரத்தில், எல்லோரும் கேலி பேசும் நிலையில் இருக்கிறான் சுங் ஜின்-வூ. ஒவ்வொரு முறையும் அடிபட்டு ரத்தத்தோடுதான் வீட்டுக்கு வருவான். ஆனாலும் போகிறான். ஏன்? அம்மா எழவே முடியாத தூக்க நோயில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பில் கட்ட வேண்டும். தங்கை பள்ளிக்கூடம் போகிறாள். அப்பா இல்லை.

ஒருநாள் குகைக்குள் சாவின் விளிம்புக்குப் போகிறான். பிழைத்து எழும்போது கண்ணுக்கு முன்னால் ஒரு பலகை. அவனுக்கு மட்டும் தெரிகிற பலகை. 'தினமும் 100 தண்டால், 100 சிட்-அப், 100 பஸ்கி, 10 கிலோமீட்டர் ஓட்டம்' என்று கட்டளை போடுகிறது. செய்தால் பலம் கூடும், செய்யாவிட்டால் தண்டனை. அங்கிருந்து ஏறுகிறான் அந்தப் பையன்.

திருப்பூரில் சின்னதாக ஒரு காஜா பட்டன் யூனிட் வைத்திருக்கிற என் சித்தப்பா, பழைய மாயாவி ரசிகர். அவர் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், ஜின்-வூ ரசிகை. ஒரே வீட்டில் இரண்டு கட்சி. போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசவிட்டேன்.

"ஏங் கண்ணு, அவன் பாட்டுக்கு நூறு தண்டால் எடுக்கறான். அதுல என்ன இருக்குது?" என்று ஆரம்பித்தார் சித்தப்பா.

"அப்பா, அதுலதான் எல்லாமே இருக்குது. மத்த ஹீரோவுக்கெல்லாம் பவர் வரமாக் கெடைச்சுடும். இவன் தெனமும் கஷ்டப்பட்டு சேக்கறான்ப்பா. நாங்க கிளாஸ்ல நாலு பேரு டெய்லி க்வெஸ்ட் பண்ணுனோம், தெரியுமா? நூறெல்லாம் முடியல, இருபது."

"உங்கம்மா ஒரு கொடம் தண்ணி எடுத்தாறச் சொன்னா முடியறதில்ல, இருபது தண்டாலா?"

சிரித்து முடித்ததும் அவரே சொன்னார். எட்டு வயதில் சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்கும் வெள்ளித்தாளைக் கையில் சுற்றிக்கொண்டு மாயாவி ஆகியிருக்கிறார். அடுத்த கட்டமாக பிளக் பாயின்ட் பக்கம் போனபோது எங்கள் அப்பத்தா பார்த்துவிட்டது. விழுந்த அடியில் மாயாவி மறையவில்லை, வெள்ளித்தாள்தான் மறைந்தது. "கரண்ட் ஷாக் அடிச்சா மறைஞ்சுருவேன்னு நம்புனனுங்க தம்பி. மறைஞ்சு போயி, கணக்கு வாத்தியார் மேசையில இருக்கற பரிச்சப் பேப்பரை எடுக்கோணும். அதான் பிளான்."

இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று பிடிபட்டது. இரண்டு நாயகர்களும் ஒரே குடும்பம்! ஆய்வகத்தில் எடுபிடி வேலை பார்க்கிற கிராண்டேலும், எல்லோரும் இளக்காரமாகப் பார்க்கிற ஜின்-வூவும் வரிசையில் கடைசி ஆட்கள். இருவருக்கும் ஒரு விபத்து. அதன் மறுபக்கம் சக்தி. அந்தச் சக்தியை என்ன செய்வது என்பதுதான் மீதிக் கதை. மாயாவி முதலில் திருடப் போனார். ஜின்-வூ தன் பலத்தைக் கொண்டு அம்மாவைக் காப்பாற்றும் மருந்தைத் தேடிக் கொண்டுவருகிறான்.

அம்மா கண் விழிக்கிற அந்த அத்தியாயத்தில்தான் சித்தப்பா மகள் அழுதிருக்கிறாள். "நெசமான ஆஸ்பத்திரியில அப்படி நடக்காதுன்னு தெரியும்ணா. ஆனா நடந்தா எப்படி இருக்கும்னு பாத்துட்டேன்ல" என்றாள். இரண்டு வருடம் முன்னால் அவள் அம்மாவுக்கு, என் சின்னம்மாவுக்கு, ஆபரேஷன் நடந்தது. பில் கட்ட சித்தப்பா இரண்டு மிஷினை விற்றார். அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சித்தப்பா மகளைப் பார்த்தார். பேச்சை மாற்றவில்லை. "அந்த அத்தியாயத்தை எனக்கும் காட்டு பாப்பா" என்றார்.

பிள்ளைகள் ஒரு பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும்போது நாம் 'பைத்தியம்' என்று சொல்லிவிடுகிறோம். வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஏதோ ஒன்றை அந்தப் பாத்திரம் அவர்களுக்காகச் சுமக்கிறதோ என்று யோசிப்பதில்லை.

சண்டை போடும் உரிமை

ரசிகர்கள் என்றால் கைதட்டுபவர்கள் மட்டும் இல்லை. உண்மையான ரசிகர் நன்றாகத் திட்டுவார். ஜின்-வூ விஷயத்திலும் அதுதான். பாதிக்கு மேல் அவன் யாராலும் தோற்கடிக்க முடியாத ஆளாகிவிடுகிறான், பிறகென்ன விறுவிறுப்பு என்று கேட்கிற ரசிகர்கள் ஏராளம். சா ஹே-இன் என்று ஒரு பெண் வேட்டைக்காரர். முதல் தரம், வாள்வீச்சில் கெட்டிக்காரி. அவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நாயகனைப் பார்த்து வியப்பதே வேலையாக்கிவிட்டார்கள் என்பது இன்னொரு மனத்தாங்கல். சித்தப்பா மகளும் இந்தக் கட்சிதான். அவளிடம் நான் தோர்கல் கதையைச் சொன்னேன்.

கதாசிரியர் ழான் வான் ஹாம், போலந்து ஓவியர் கிரெகோர்ஸ் ரோசின்ஸ்கி இருவரும் 1977-ல் தொடங்கிய மாயாஜாலத் தொடர் அது. கடலில் கிடைத்த குழந்தையை வைக்கிங்குகள் எடுத்து வளர்க்கிறார்கள். அந்தக் குழந்தை நட்சத்திரங்களிலிருந்து வந்தவர்களின் வாரிசு. லயன் மூலம் தமிழுக்கும் வந்த தொடர். அதில் கிரிஸ் ஆஃப் வால்னர் என்று ஒருத்தி. பேராசைக்காரி, துரோகி, வில் வித்தையில் கில்லாடி. வில்லியாக நுழைந்தவளை வாசகர்கள் விடவே இல்லை. கடைசியில் அவள் பெயரிலேயே தனித் தொடர் வந்தது. வாசகரின் பிடிவாதத்துக்கு அந்த அளவு பலம் உண்டு.

இது நமக்குப் புதிதும் இல்லை. கல்கி 1950-லிருந்து 1954 வரை 'பொன்னியின் செல்வன்' எழுதி முடித்தபோது, அந்தப் பாத்திரம் என்ன ஆனது, இந்தப் பாத்திரம் என்ன ஆனது என்று வாசகர்கள் கேட்டார்கள். முடிவுரையில் கல்கி அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டி வந்தது. வாரா வாரம் தொடர்கதையைக் கிழித்து பைண்டு செய்து வைத்த நம் பாட்டிமார்களும் இதே ரசிகர் மன்றத்தின் மூத்த உறுப்பினர்கள்தான்.

'அடுத்தது எப்போ?' என்ற கேள்வி

எல்லா ரசிகர்களுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. அடுத்த பாகம் எப்போ? அன்பில்தான் கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு மறுமுனையில் ஓர் ஆள் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறார்.

வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்றால், பல டஜன் படங்களை வரைந்து, வண்ணம் பூசி, வசனம் சேர்த்து ஏழு நாளில் கொடுக்க வேண்டும். அடுத்த திங்கள் மறுபடி முதலிலிருந்து. 'சோலோ லெவலிங்' ஓவியர் ஜாங் சுங்-ராக் 2022 ஜூலையில் காலமானார். வயது 37. ஏற்கெனவே இருந்த உடல்நலக் குறைவோடு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது என்று அறிவித்தார்கள். அதற்கு வேலைப்பளுதான் காரணம் என்று நாம் முடிவுகட்ட முடியாது. ஆனால், அதற்குப் பிறகு வெப்டூன் ஓவியர்களின் வேலை நேரம், ஓய்வு பற்றிய பேச்சு ரசிகர்களிடையே பலமாக எழுந்தது. ஒரு வாரம் லீவு என்று ஓவியர் அறிவித்தால், 'உடம்பைப் பாத்துக்கங்க, நாங்க காத்திருக்கோம்' என்று எழுதும் ரசிகர்கள் இருக்கிறார்கள். நல்ல பழக்கம். நம் பிள்ளைகளுக்கும் தொற்றட்டும்.

இன்னொரு பழக்கம்தான் கவலை தருகிறது. மாயாவிக்கும் சரி, ஜின்-வூவுக்கும் சரி, 'இந்தப் பி.டி.எஃப் வேணுமா ப்ரோ?' என்று கேட்கிற ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. புது இதழ் சந்தாதாரர் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே அதன் ஸ்கேன் டெலிகிராமில் சுற்றுகிறது. வெப்டூனையும் பெரும்பாலான பிள்ளைகள் திருட்டுத் தளங்களில்தான் படிக்கிறார்கள். எங்கே காசு கட்டிப் படிக்கலாம் என்று பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கட்ட கார்டு இல்லை. அச்சில் வந்த ஆங்கிலத் தொகுதியின் விலையைப் பார்த்தால் அப்பாவின் பாக்கெட் வலிக்கும்.

எங்குமே கிடைக்காத பழைய ராணி காமிக்ஸை ஒருவர் ஸ்கேன் செய்து பத்திரப்படுத்துவது வேறு விஷயம். அது இல்லையென்றால் அந்தப் படங்கள் செல்லரித்தே போயிருக்கும். நேற்று வெளியான புத்தகத்தை இன்று இலவசமாகப் பரப்புவது அப்படியல்ல. நாயகனை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அவன் சோற்றில் கை வைக்கிற வேலை அது. தமிழ் மாதிரி சிறிய காமிக்ஸ் சந்தையில் சில நூறு பேர் சந்தாவை நிறுத்தினாலே அடுத்த வருடத் திட்டத்திலிருந்து ஒரு தொடர் காணாமல் போகலாம். தோர்கலோ டெக்ஸ் வில்லரோ வராமல் போனால், அவர்களைத் துரத்தியது எந்த வில்லனும் இல்லை, ரசிகர்கள்தான்.

வீட்டில் செய்யக்கூடியவை

பெற்றோர்களுக்கு மூன்று விஷயங்கள். ஒன்று, பிள்ளை படிக்கிற கதையில் உங்களுக்குப் பிடித்த ஆள் யார் என்று கேளுங்கள். 'எத்தனை நேரம் போன்ல இருப்ப?' என்ற கேள்விக்கு ஒற்றை வார்த்தைதான் பதிலாக வரும். இந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் பேசுவார்கள். அவர்கள் படிப்பது வயதுக்கு ஏற்றதா என்பதும் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். 'சோலோ லெவலிங்'கில் ரத்தம் கொஞ்சம் அதிகம், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

இரண்டு, மாதம் ஒரு சின்னத் தொகையைக் கதைக்கென்று ஒதுக்குங்கள். காசு கொடுத்துப் படிக்கிற பழக்கம் பால் கணக்கு மாதிரி வீட்டுக் கணக்கில் ஏறட்டும்.

மூன்று, போனில் கதை படிக்கிற பிள்ளையின் கையில் ஒரு தமிழ் காமிக்ஸைக் கொடுத்துப் பாருங்கள். உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் அதிர்ஷ்டம் இருந்தால் பழைய மாயாவி சிக்குவார். ஜூலையில் கோவை கொடிசியா புத்தகத் திருவிழா, ஆகஸ்டில் ஈரோடு. இங்கே தயக்கம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் வேகமாகப் படிக்க வரவில்லை. ஈரோட்டுச் சந்திப்பில் இளவட்ட முகங்கள் குறைவாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஆறு படம், படத்துக்கு இரண்டு வரி வசனம் என்று வருகிற காமிக்ஸ், தமிழைத் திணறாமல் படிக்கச் சுலபமான வழி.

சித்தப்பா வீட்டில் இப்போது ஒரு ஒப்பந்தம் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் ஓர் அத்தியாயம் அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறாள். பதிலுக்கு அப்பாவின் இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு பழைய முத்து காமிக்ஸ், அவள் வாய்விட்டுப் படிக்க வேண்டும். 'நிழற்படை'யில் தடுக்கினாளாம், இரண்டாம் முறை சரியாகச் சொல்லிவிட்டாளாம். "எழுத்துக் கூட்டித்தான் படிக்கறா. ஆனா முடிவைச் சொல்லிறாதீங்கப்பான்னு கையை எடுத்துக் கும்புடறாளுங்க தம்பி" என்று போனில் சொல்லிச் சிரித்தார் சித்தப்பா.

உங்கள் வீட்டுப் பரணில் எந்த நாயகன் தூங்குகிறார், உங்கள் பிள்ளையின் போனில் யார் ஓடிக்கொண்டிருக்கிறார் என்று எழுதுங்கள். அடுத்த வாரம் பேசுவோம்.